நோயெதிர்ப்பும் இரண்டாவது திறப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயச் சொற்பொழிவுகளும் இலக்கியச் சொற்பொழிவுகளும் நிகழும் இம்மேடையிலே விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். உடம்பை இறைவன் உறையும் கோயிலெனப் போற்றுவது எமது மரபு. அக்கோயிலிலே காவல் எவ்வாறு நடைபெறுகின்றது, காவலரே சில வேளைகளிற் கோயிலை இடிக்கத் தலைப்படுவது ஏன், அவர்களை அடக்குவதற்கு அறிஞர் கண்ட வழி யாது என்பனவே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். ஆதலின் இப்பொருள் இம்மேடைக்கு அந்நியமானதன்று என்று கருதுகின்றேன்.

இதனை நாம் அறியவேண்டியதற்குக் காரணம் ஒன்றுண்டு. முப்பது, நாற்பது வயதுடைய பெண்ணொருத்தி காலையிலே எழும்பும்போது விரல்களை மடக்க முடியாமல் வருந்துகின்றாள். இரு கைகளிலும் விரல் மூட்டுக்கள் வீங்குகின்றன. வீட்டிலுள்ளோர் வாதம் என்று சொல்லி எண்ணெய் பூசுகின்றனர். மாதங்கள் கழிகின்றன. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று கடைகளில் விற்கப்படும் மாவையும் பாணியையும் வாங்கிக் கொடுப்பாரும் உளர். எண்ணெயும் ஒத்தடமும் நோவைச் சிறிது ஆற்றலாம். ஆனால், அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தமையால் வந்ததன்று. அச்சக்தி தன் இடந்தவறி, தன் உடம்பின்மேலேயே திரும்பியமையால் வந்தது. பகைவனைத் தேடவேண்டிய படை வீட்டாரைத் தாக்குகின்றது. அந்நிலையிலே படைக்கு மேலும் உணவூட்ட வேண்டும் என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

இத்தகைய நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று சொல்லலாம். மூட்டுக்களைத் தாக்கும் றூமற்றொயிட் மூட்டுவாதம், சிறுவரிடத்தும் தோன்றுவதும் இன்சுலின் ஊசியின்றி உயிர்வாழ முடியாததுமான முதலாம் வகை நீரிழிவு, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியை அழிக்கும் நோய், தோலையும் சிறுநீரகத்தையும் பற்றும் லூப்பசு என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. மூட்டுவாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், உலகிலே மிகப் பலர் அதனால் வருந்துகின்றனர். ஆண்களிலும் பெண்களுக்கே அது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகின்றது.

இனிக் காவலரைப் பார்ப்போம். பாடசாலையிலே உயிரியல் பயிலும் மாணவர் நிர்ப்பீடனம் என்ற சொல்லைக் கேட்டிருப்பர். எமது குருதியிலும் நிணநீரிலும் வெண்ணிறக் கலங்கள் பல வகையாகச் சஞ்சரித்து இக்காவலைச் செய்கின்றன. அவற்றுள் ஒரு வகை, நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமசு என்னும் சுரப்பியிலே பயிற்சி பெற்று வெளிவருவது. அச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றுக்கு ரி கலங்கள் என்று பெயரிட்டுள்ளனர். அவை பல்லாயிரங் கோடி. ஒவ்வொரு ரி கலத்தின் மேலும், வாங்கி என்று சொல்லப்படும் ஒரு புரத உறுப்பு உண்டு. அந்த வாங்கியின் வடிவம் கலத்துக்குக் கலம் வேறுபடும். பரம்பரை அலகுகளின் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கியே இயற்கை இவ்வடிவங்களை ஆக்குகின்றது. அதனாலேயே, எம் முன்னோர் ஒருபோதும் கண்டிராத புதிய கிருமி வந்தாலும் அதனை இனங்காணும் கலம் எங்கேயோ ஒன்று எம்மிடம் இருக்கின்றது.

ஆனால், குலுக்கல் என்றால் அது குலுக்கல்தானே! கிருமிக்குப் பொருந்தும் வாங்கி தோன்றுவது போலவே, தன் உடம்பின் உறுப்புக்குப் பொருந்தும் வாங்கியும் தோன்றிவிடும். இத்தகைய கலங்களைத் தைமசுச் சுரப்பி சல்லடையிட்டு அழிக்கின்றது. பயிற்சிக்குட் புகும் கலங்களுட் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வருவதில்லை. எனினும் எந்தச் சல்லடையும் குற்றமற்றதன்று. முழு நலத்தோடு இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருடைய குருதியிலும், தன்னுடலை இனங்காணும் ரி கலங்கள் சில இப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படியாயின் நாம் அனைவரும் நோயாளராக இல்லாதிருப்பது எப்படி? இதுவே கேள்வி. இக்கேள்விக்குக் கிடைத்த விடையே இன்றைய பேச்சின் கரு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனிய அறிஞர் போல் எர்லிக், உடம்பு தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்ற கருத்தை வெளியிட்டார். பின்வந்தோர் இதனைப் பற்றிக்கொண்டு, தன்னெதிர்ப்பு என்பது நிகழவே நிகழாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவிலே நோயெல் றோஸ், ஏர்ண்ஸ்ற் விற்றெப்ஸ்கி என்னும் இருவர் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். அவர்கள் முயல்களின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை முயல்களுக்கே ஊசி மூலம் ஏற்றினர். அம்முயல்களின் சுரப்பிகள் அவற்றின் சொந்த வெண்கலங்களாலேயே தாக்குண்டு அழற்சியடைந்தன. அதே ஆண்டில் இலண்டனிலும், தைரொயிட்டு நோயாளரின் குருதியிலே தம் சுரப்பிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பது கண்டறியப்பட்டது.

அம்முயற் பரிசோதனையிலே ஒரு சிறு செய்தியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். சாற்றை அவர்கள் தனியே ஏற்றவில்லை. எண்ணெயும், கொல்லப்பட்ட காசநோய் இனக் கிருமிகளும் சேர்ந்த ஒரு கலவையோடு குழைத்தே ஏற்றினர். நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர் எல்லோரும் இவ்வாறே செய்துவந்தனர். தூய புரதத்தைத் தனியே ஏற்றினால் உடம்பு பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அழுக்கைச் சேர்த்தாற்றான் எழும்புகின்றது. இது ஏன் என்று நெடுங்காலம் ஒருவரும் ஆழ்ந்து கேட்கவில்லை.

இவ்விடத்தில் எமக்குப் பழக்கமான ஒன்றை உவமையாக எடுத்துக்கொள்வோம். சில கோயில்களிலே சுவாமியின் நகைப் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுக்கள் இடுவார்கள். ஒரு திறப்புத் தருமகர்த்தாவின் கையில் இருக்கும். மற்றத் திறப்பு வேறொருவர் கையில் இருக்கும். இருவரும் ஒருங்கே வந்து நின்றாலன்றிப் பெட்டகம் திறவாது. அவருள் எவரையும் ஐயுற்று அவ்வாறு செய்வதன்று. ஒருவர் தவறினாலும் பொருள் தப்பவேண்டும் என்பதே நோக்கம்.

ரி கலத்திலும் இவ்வாறே இரண்டு பூட்டுக்கள் உள. அதன் வாங்கி ஒரு பொருளை இனங்காண்பது முதலாவது திறப்பு. "இதோ நான் தேடிய வடிவம்" என்று அது சொல்கின்றது. ஆனால், இனங்கண்டமை வேறு. தாக்குவதற்கு உத்தரவு பெற்றமை வேறு. உத்தரவு இரண்டாவது திறப்பினாலேயே கிடைக்கும். இவ்விரண்டாவது திறப்பையே விஞ்ஞானிகள் இணைத்தூண்டல் என்கின்றனர்.

இக்கருத்து ஒரே நாளிற் பிறந்ததன்று. 1970ஆம் ஆண்டு பீற்றர் பிறெற்சர், மெல்வின் கோன் என்னும் இருவர், தன்னையும் பிறிதையும் உடம்பு வேறுபடுத்தி அறிவதற்கு ஒரு சமிக்ஞை போதாது, இரண்டு வேண்டும் என்று தருக்க முறையாற் காட்டினர். 1975ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலே கெவின் லவேட்டியும் கன்னிங்காமும், இரண்டாவது சமிக்ஞையை ரி கலத்துக்குக் கொடுப்பது பொருளைக் கொண்டுவந்து காட்டும் கலமே என்று விளக்கினர். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மார்க் ஜென்கின்ஸ், றொனால்ட் சுவார்ட்ஸ் ஆகிய இருவர் இதனைப் பரிசோதனையால் நிறுவினர். பொருளைக் காட்டும் கலங்களை அவர்கள் ஓர் இரசாயனத்தால் மரத்துப்போகச் செய்து, ரி கலங்களின் முன் வைத்தனர். ரி கலங்கள் பொருளை இனங்கண்டன, ஆனால் எழும்பவில்லை. அதன் பின்பு நலமான கலங்களைக் கொண்டு அதே பொருளைக் காட்டியபோதும் அவை எழும்பவில்லை. ஒரு திறப்பை மட்டும் இட்டுத் திருகினாற் பூட்டு இறுகிவிடுவது போல, அவை செயலற்று உறங்கிவிட்டன. தன்னுடலை இனங்காணும் கலங்கள் எம்மிடம் இருந்தும் நாம் நலமாய் வாழ்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது திறப்பை வைத்திருப்பவர் யார்? உடம்பின் தோலிலும் குடலிலும் சுவாசப் பாதையிலும் கிளை கிளையான நீட்சிகளையுடைய கலங்கள் சில காத்திருக்கின்றன. இவற்றை 1973ஆம் ஆண்டு வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்தவர் றால்ப் ஸ்ரைன்மன் என்னும் அறிஞர். நாம் இவற்றைத் தூதுக் கலங்கள் என்று அழைப்போம். இவை தம்மைச் சூழ்ந்துள்ளவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கி, நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று, அங்கே கூடியிருக்கும் ரி கலங்களுக்குக் காட்டுகின்றன. அமைதிக் காலத்திலே இவை காட்டுவன பெரும்பாலும் உடம்பின் சொந்தத் துண்டுகளே. அப்பொழுது இவற்றின் மேற்பரப்பில் இரண்டாவது திறப்பு மிகக் குறைவாகவே இருக்கும். கிருமியின் சுவர்த்துண்டு ஒன்று பட்டுவிட்டாலோ, உடனே அத்திறப்பைப் பெருக்கி வெளியே நீட்டுகின்றன. அத்திறப்பின் பெயர் பி. 7. அதில் இரண்டு வகை உண்டு. அது பொருந்தும் பூட்டு, ரி கலத்தின் மேலுள்ள சி.டி. 28 என்னும் புரதம்.

முயற் பரிசோதனையில் எண்ணெயும் கிருமித் துண்டும் ஏன் வேண்டியிருந்தன என்பது இப்பொழுது விளங்குகின்றதல்லவா? சுரப்பிச் சாறு முதலாவது திறப்பு. கிருமிக் கலவை இரண்டாவது திறப்பை வெளியே கொணர்ந்தது. 1989ஆம் ஆண்டு சாள்ஸ் ஜேன்வே என்னும் அமெரிக்கர், கிருமிகளுக்கே பொதுவான சில அடையாளங்களை உணரும் வாங்கிகள் உடம்பில் இருக்கவேண்டும், அவையே இரண்டாவது சமிக்ஞையை ஆளவேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார். பின்வந்த பத்து ஆண்டுகளுக்குள் அத்தகைய வாங்கிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

திறப்பதற்கு ஏற்பாடு இருந்தாற் போதாது. அடைப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். 1987ஆம் ஆண்டு பிரான்சிலே, ரி கலங்களின் மேல் சி.ரி.எல்.ஏ. 4 என்றொரு புரதம் கண்டறியப்பட்டது. 1991ஆம் ஆண்டு பீற்றர் லின்ஸ்லியும் அவர் தோழரும், இதுவும் பி. 7 என்னும் அதே திறப்பைப் பற்றுவதைக் கண்டனர். அதுவும் சி.டி. 28 பற்றுவதிலும் பன்மடங்கு இறுக்கமாகப் பற்றுகின்றது. இது படையைத் தூண்டுவதா, அடக்குவதா என்று சில ஆண்டுகள் வாதம் நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டு அவ்வாதம் முடிந்தது. இப்புரதம் இல்லாது பிறக்கச் செய்யப்பட்ட எலிக்குஞ்சுகள் மூன்று நான்கு கிழமைகளுக்குள் இறந்தன. அவற்றின் இருதயம், சதையி முதலிய உறுப்புக்களிலே அவற்றின் சொந்த ரி கலங்கள் நிரம்பிக் கிடந்தன. எந்தக் கிருமியும் அவற்றைக் கொல்லவில்லை. கடிவாளம் அற்ற காவலே அவற்றைக் கொன்றது.

அதே 1995ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி, மற்ற ரி கலங்களை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகை ரி கலங்களை இனங்கண்டு வெளியிட்டார். இவ்வடக்கும் கலங்கள் சி.ரி.எல்.ஏ. 4 புரதத்தை எப்பொழுதும் தாங்கியிருக்கின்றன. அவை தூதுக் கலத்தை அணுகி, அதன் மேலுள்ள பி. 7 திறப்பைப் பிடுங்கி விழுங்கிவிடுகின்றன என்பது 2011ஆம் ஆண்டு காட்டப்பட்டது. திறப்பை வைத்திருப்பவர் கையிலிருந்தே அதனை வாங்கி மறைத்துவிடுவது போன்ற செயல் இது! சகாகுச்சிக்கும், அக்கலங்களை ஆளும் பரம்பரை அலகைக் கண்ட மேரி பிறங்கோ, பிறெட் றாம்ஸ்டெல் என்போருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரிடத்தும் இதற்குச் சான்றுண்டு. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக வரும் சி.ரி.எல்.ஏ. 4 அலகுகள் இரண்டில் ஒன்று பழுதுபட்டவர்கள் சிலர் இருப்பது 2014ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அவர்களுட் பலருக்குக் குடல், சுவாசப்பை, குருதி முதலியவற்றைத் தம் காவற் கலங்களே தாக்கும் நோய்கள் தோன்றியிருந்தன. கடிவாளம் பாதி குறைந்தாலே இவ்வளவு கேடு விளைகின்றது.

இனி நோய் பிறக்கும் விதத்தைத் தொகுத்துக் கூறலாம். தன்னுடலை இனங்காணும் கலம் இருத்தல் ஒன்று. அதற்கு இரண்டாவது திறப்புத் தவறாக, தக்க வேளையன்றிக் கிடைத்தல் மற்றொன்று. அடக்குவோர் தளர்ந்திருத்தல் மூன்றாவது. மூன்றும் கூடும்போது நோய் உண்டாகின்றது. மூட்டுவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாற் சிலருக்கு அந்நோய்க்கு இடங்கொடுக்கும் அலகுகள் அமைகின்றன. புகைபிடித்தல் அதனைத் தூண்டும் காரணங்களுள் நன்கு நிறுவப்பட்டது. புகையினாற் சுவாசப்பையிலே அழற்சி உண்டாகும்போது அங்குள்ள புரதங்கள் சில உருமாறுகின்றன. அதே அழற்சி இரண்டாவது திறப்பையும் வெளியே கொணர்கின்றது. உருமாறிய புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே குருதியிற் காணப்படுகின்றன. விரல் மூட்டில் நோவு தொடங்கும் அன்றே நோய் தொடங்கியது என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது நெடுநாளாக உள்ளே புகைந்துகொண்டிருந்த நெருப்பு.

மருத்துவர் இதற்கு என் செய்தனர்? 1948ஆம் ஆண்டு பிலிப் ஹெஞ்ச் என்னும் அமெரிக்க வைத்தியர் கோட்டிசோன் மருந்தை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். எழும்ப முடியாதிருந்தவர் சில நாட்களில் நடந்தார். உலகம் வியந்தது. ஆனால், அம்மருந்து முழுப் படையையும் ஒருங்கே அடிப்பது. நாட்செல்ல எலும்பு தேய்தல், நீரிழிவு, கிருமித் தொற்று முதலிய தீங்குகள் தொடர்ந்தன. படை முழுவதையும் அழியாமல், தவறான உத்தரவை மட்டும் நிறுத்த முடியுமா என்பதே பின்வந்தோரின் ஏக்கமாயிற்று.

இரண்டாவது திறப்பின் இரகசியம் விளங்கியபோது வழியும் தோன்றியது. பி. 7 திறப்பை மிக இறுக்கமாகப் பற்றுவது சி.ரி.எல்.ஏ. 4 என்று கண்டோம். அப்புரதத்தின் வெளிப்பகுதியை எடுத்து, மனிதப் பிறபொருளெதிரி ஒன்றின் அடிப்பகுதியோடு இணைத்து, அபற்றாசெப்ற் என்னும் மருந்தை ஆக்கினர். குருதியிற் சென்று பி. 7 திறப்புக்களுக்கு உறை போடுவதே அதன் வேலை. உறையிட்ட திறப்புப் பூட்டினுட் புகாது. 2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அமெரிக்க அரசு அதனை மூட்டுவாதத்துக்கு அனுமதித்தது. இதன் இனமான பெலற்றாசெப்ற் என்ற மருந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமற் காப்பதற்காக 2011ஆம் ஆண்டு அனுமதி பெற்றது.

எனினும், எல்லா நோய்க்கும் இது மருந்தாகவில்லை. குடலழற்சி நோய்களிலும், மூளை நரம்புகளைப் பற்றும் பல்லிட வன்மை நோயிலும் நடத்திய சோதனைகளில் இது பயன் தரவில்லை. இதற்கு ஒரு காரணமும் சொல்லப்படுகின்றது. ஒருமுறை எழும்பிப் போர் செய்து பழகிய ரி கலம், மறுமுறை எழும்புவதற்கு இரண்டாவது திறப்பை அவ்வளவாக வேண்டுவதில்லை. பழகிய கை பூட்டில்லாமலே பெட்டகத்தைத் திறந்துவிடுகின்றது. ஆகவே, திறப்பை மறைப்பதானால் முன்கூட்டியே மறைக்க வேண்டும்.

இதனைச் சோதித்தவர்களும் உளர். பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும், மூட்டு நோவும் குருதியிற் பிறபொருளெதிரியும் இருந்து, வீக்கம் இன்னும் தொடங்காத 213 பேரைத் தெரிந்தனர். 110 பேருக்கு ஓராண்டு அபற்றாசெப்ற் கொடுத்தனர்; 103 பேருக்குப் பெயரளவான ஊசி கொடுத்தனர். முதலாண்டின் முடிவில் மருந்து பெற்றோருள் 7 பேருக்கும், பெறாதோருள் 30 பேருக்கும் நோய் வெளிப்பட்டது. மருந்தை நிறுத்தி மேலும் ஓராண்டு சென்றபின் அத்தொகைகள் 27, 38 ஆயின. 2024ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. நோயைப் பின்போட முடிகின்றது. முற்றாகத் தடுக்க இன்னும் முடியவில்லை. ஆயினும், மூட்டுக் கெடுமுன்னரே மூட்டுவாதத்தோடு போராடலாம் என்ற எண்ணமே எம் பாட்டன்மார் காலத்தில் இல்லாத ஒன்று.

இக்கதையிலே துயரமான ஓர் ஏடும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆந் திகதி, இலண்டனிலே நலமுள்ள இளைஞர் எண்மர் ஒரு புதிய மருந்தின் முதற் சோதனைக்குத் தம் உடம்பைக் கொடுத்தனர். ரி.ஜி.என். 1412 என்பது அதன் பெயர். அடக்கும் கலங்களைப் பெருக்கித் தன்னெதிர்ப்பு நோயைத் தணிக்கும் என்று நம்பியே அதனை ஆக்கினர். ஆனால் அது, முதலாவது திறப்பு இல்லாமலே சி.டி. 28 பூட்டைத் திறக்கவல்ல கள்ளத் திறப்பு. அறுவருக்கு மருந்தும் இருவருக்குப் பெயரளவான ஊசியும், சில நிமிட இடைவெளிகளில் ஒருவர்பின் ஒருவராக ஏற்றப்பட்டன. இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற அறுவரும் தலைநோவும் முதுகுநோவும் கொண்டு துடித்தனர். ஒரு நாளுக்குள் அவர்களுடைய சிறுநீரகம், சுவாசப்பை முதலிய உறுப்புக்கள் தளர்ந்தன. இறைவன் அருளாலும் வைத்தியர் முயற்சியாலும் அறுவரும் உயிர் பிழைத்தனர். ஆனால், ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

கொடுத்த அளவு மிகச் சிறியது. குரங்குகளுக்குத் தீங்கின்றிக் கொடுத்த அளவில் 500இல் ஒரு பங்கு. பின்பு ஆராய்ந்தபோது, போர் செய்து பழகிய குரங்கின் ரி கலங்களிலே சி.டி. 28 இல்லை, மனிதனுடையவற்றில் உண்டு என்பது தெரியவந்தது. அப்பூட்டு இல்லாத இடத்திற் கள்ளத் திறப்பு என்ன செய்யும்? அதன் பின்பு, மனிதரிடத்து முதன்முதலாக மருந்தைச் சோதிக்கும் விதிகள் ஐரோப்பாவிலே கடுமையாக்கப்பட்டன. ஒருவருக்குக் கொடுத்துப் பொறுத்திருந்து பார்த்த பின்னரே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றது. நாம் இன்று விழுங்கும் ஒவ்வொரு மருந்தின் பின்னாலும் பெயர் தெரியாத இத்தகையோரின் உடம்பு நிற்கின்றது. அவர்களை நன்றியோடு நினைத்தல் எம் கடன்.

மறுபக்கத்தையும் ஒருகணம் பாருங்கள். புற்றுநோயை எதிர்க்கப் படைக்கு உற்சாகம் வேண்டும். ஆதலின் ஜேம்ஸ் அலிசன் என்பவர், சி.ரி.எல்.ஏ. 4 என்னும் கடிவாளத்தையே அவிழ்த்துவிட்டாற் படை புற்றுநோயின்மேற் பாயும் என்று கண்டார். யப்பானின் தசுக்கு ஹொன்ஜோ பி.டி. 1 என்னும் இன்னொரு கடிவாளத்தைக் கண்டார். இருவருக்கும் 2018ஆம் ஆண்டு நொபெல் பரிசு கிடைத்தது. பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளர் பலர் இம்மருந்துகளால் ஆண்டுகள் பல வாழ்கின்றனர். ஆனால், அவர்களுட் சிலருக்குக் குடலழற்சியும் தைரொயிட்டு நோயும், அரிதாக முதலாம் வகை நீரிழிவும் வருகின்றன. கடிவாளத்தைத் தளர்த்தினால் தன்னெதிர்ப்பு எழுகின்றது. இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

அன்பர்களே, இவையெல்லாம் ஆய்வுகூடச் செய்தி என்று விட்டுவிடாது, வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது: காலையிலே எழும்பியபின் அரைமணி, ஒருமணி நேரம் வரை விரல்கள் விறைத்திருத்தலும், சிறு மூட்டுக்கள் வீங்குதலும் சில கிழமைகள் நீடித்தால், அதனைச் சாதாரண வாதம் என்று தள்ளிவிடாதீர்கள். காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள். தேய்ந்து உருக்குலைந்த மூட்டை எந்த மருந்தும் மீட்டுத் தருவதில்லை. அபற்றாசெப்ற் போன்ற மருந்துகள் விலை மிகுந்தவை. பலருக்கு அவை வேண்டியதுமில்லை. மெதோத்திரெட்சேற் என்னும் விலை குறைந்த மருந்தே உலகெங்கும் பெரும்பாலும் முதலிற் கொடுக்கப்படுவது. ஆனால், இந்நோய்க்கு அதனைக் கிழமைக்கு ஒருநாள் மட்டுமே எடுக்கவேண்டும். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவுற்ற தாய்மார் அதனை எடுத்தலாகாது. வீட்டிலே எழுத்தறியாத முதியோர் இருந்தால், இதனைப் பார்த்துக் கொடுப்பது இளைஞராகிய உங்கள் கடமை.

இரண்டாவது: எதிர்ப்புச் சக்தி என்பது கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நலம் என்பது சக்தியின் மிகுதியில் இல்லை. அது எழவேண்டிய வேளையில் எழுந்து, அடங்கவேண்டிய வேளையில் அடங்குவதிலே இருக்கின்றது. புகைபிடிப்போர் அதனை விட்டுவிடுவது, கடையில் வாங்கும் எந்த மாவிலும் நல்ல மருந்து.

மூன்றாவது: இந்நோயுற்ற பெண்ணைப் பார்த்து வினைப்பயன் என்றும், செய்வினை என்றும், சோம்பல் என்றும் பேசுவார் இன்னும் உளர். எமது சமயம் வினையைப் போதிப்பது பிறர்மேற் பழி சுமத்துவதற்காகவன்று. அவள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கும் கலங்களே அவளிடத்தும் இருந்தன. எங்கேயோ ஒரு திறப்பு வேளை தவறித் திரும்பிவிட்டது. அவ்வளவே. அவளுக்கு வேண்டுவது நல்ல வைத்தியமும், வீட்டு வேலையிற் பங்குகொள்ளும் கைகளும், அன்பான வார்த்தையுமே. சங்கத்து இளைஞர்கள் தத்தம் ஊரிலே இத்தகைய ஒருவரையேனும் காலத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்வார்களாயின், இன்று யான் பேசியதன் பயன் அதுவேயாகும்.